ஃபேனை நிறுத்துற பாட்டு

ஜூன் 1, ஞாயிறு

வத்தல் மண்டிக்காரர் புது வருசத்துக்குக் குடுத்த டைரி இது. இத்தனை மாசமா மில்லுல மிளகா மூட்டைக்கு மேல கிடந்து, இப்ப திறந்தாலே தும்மல் வருது. இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. பியூலா திரும்பி வந்துட்டா.

நான், பியூலா, மைமூன் மூணு பேரும் ஒரே கான்வென்ட்டுல ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவளுவ. பியூலாவுக்கு தபாலாபீசுல வேலை. மைமூன் மேலப்பாளையத்துல தையல் கடை வச்சிருக்கா. எனக்குப் பாளையங்கோட்டையில மாவு மில்லு. மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 'வெறுங்குரல்' பிள்ளைங்க பாடுற கச்சேரிக்கு மூணு பேரும் சேர்ந்து போயிருவோம். அஞ்சு பிள்ளைங்க. மேளம் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, சுருதிப்பெட்டி கூடக் கிடையாது. தொண்டை ஒன்னு தான். ஒருத்தன் வாயாலயே மேளம் அடிப்பான், ஒருத்தி வாயாலயே வீணை வாசிப்பா. இதுக்கு அக்கபெல்லான்னு பேராம். மைமூன் வாயில அது நுழையாது. "ஞாயித்துக்கிழமை அகப்பைக்கு வாரியாட்டி?"ன்னு தான் கேப்பா.

பியூலா மூணு மாசமா வரல. கோயமுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போனேன்னு சொல்லுதா. அக்கா வீட்டுச் சோறு தின்னவ இப்படியா வருவா? குச்சியா இருக்கா. இந்த வேக்காட்டுல கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட சட்டை. கட்டிப்பிடிக்கப் போனேன், கையை நீட்டித் தடுத்துட்டா. "சளி பிடிச்சிருக்கு வடிவு, உனக்கு ஒட்டிக்கும்"ங்கா. சங்கரவடிவுக்குச் சளி ஒட்டுமா? மிளகாத்தூளுக்கே அசராத மூக்கு இது.

கடைசிப் பாட்டு எப்பவும் ஒன்னே தான். அதுல வார்த்தையே கிடையாது. அஞ்சு பேரும் வாயை மூடிக்கிட்டு 'ம்'முனு ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல ஏத்தி, திரும்ப இறக்கி, கடைசியில பாடுதாவளா நிறுத்திட்டாவளான்னே தெரியாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் ஹால்ல எல்லா ஃபேனையும் நிறுத்தி, கதவு சன்னலைச் சாத்திருவோம். வேர்த்து ஊத்தும், ஆனா ஒருத்தரும் அசைய மாட்டாவ. சுவிட்சுப் பலகை என் பொறுப்பு. எவரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டேன். பிள்ளைங்க என்னை 'சைலன்ஸ் அக்கா'ன்னு கூப்பிடும். நாள் பூரா மில்லுச் சத்தத்துல கிடக்கிறவளுக்குத் தான் அந்த அமைதியோட ருசி தெரியும்.

இன்னைக்கு அந்தப் பாட்டுக்கு நடுவுல டிக், டிக்னு ஒரு சத்தம். எவளோ பழைய காலத்துச் சாவி வாட்ச்சைக் கட்டிட்டு வந்திருக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. முன்னால பின்னால திரும்பித் திரும்பிப் பாத்தேன். மைமூன் தொடையில கிள்ளிட்டா. "சும்மா கிடட்டி, பாட்டைக் கேளு."

பியூலா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பாட்டுல அப்படி ஒரு லயிப்பு அவளுக்கு.

ஜூன் 4, புதன்

மில்லுல வேலை பாக்குற இசக்கியம்மா தானியம் தீர்ந்தது தெரியாம மிசினை ஓடவிட்டுட்டு வெத்தலை போட்டுட்டு இருக்கா. கல்லும் கல்லும் உரசி ஒரே கருகல் நாத்தம். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா என்கிட்ட. வெறுங்கல்லு ஓடக்கூடாதுன்னு இந்தத் தொழில்ல சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க வீட்டுக்காரவுக இருந்த காலத்துல ஒரு தடவை கூட நடந்ததில்ல.

ஜூன் 14, சனி

தபாலாபீசுக்குப் போய் பியூலாவைப் பாத்தேன். மூஞ்சியில ரத்தமே இல்ல. ஸ்டாம்பு குத்துற கையில கறுப்பும் நீலமுமா ஒரு கன்னிப்போன தடம். "என்னட்டி இது?"ன்னா, "தபால் மூட்டை இடிச்சிட்டு"ங்கா. இடிச்சா இவ்வளவு பெருசாவா வரும்?

எல்லாம் சத்துக் குறைவு. மில்லுக்குப் பின்னால நிக்கிற முருங்கை மரம் வீணாத் தானே போகுது? கீரையை உருவி நிழல்ல காயப்போட்டு, மில்லைக் கழுவித் துடைச்சு, மிளகா நெடி ஏறாம அரைச்சு ஒரு பாட்டில் நிறையக் கொண்டு போனேன். "தினம் காலையில கஞ்சியில ஒரு கரண்டி போட்டுக் குடி. ஒரே மாசத்துல ரத்தம் ஊறிரும்."

"வேண்டாம் வடிவு. கீரை எனக்கு இப்ப ஒத்துக்கிறதில்ல."

"யாருட்டி சொன்னா?"

"டாக்டரு..."ன்னு ஆரம்பிச்சா. நான் கையை ஓங்கிட்டேன். டாக்டர் பேச்சு என் முன்னால எடுக்கக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சுல சின்ன ஆபரேசன்னு தான் சொன்னாவ. நடந்து உள்ள போன மனுசனை வெள்ளைத் துணியில சுத்தித் திருப்பிக் குடுத்தாவ. மூணு வருசம் ஆச்சு. அன்னையில இருந்து ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிருவேன். நெஞ்சைக் கிழிச்சவன் எவன் பொழைச்சிருக்கான்?

பியூலா என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு பாட்டிலை வாங்கிப் பையில வச்சுக்கிட்டா. "சரி, சாப்பிடுதேன். நீ கோவப்படாத."

ஜூலை 6, ஞாயிறு

ஹால் சுவத்துல தொங்குன பெரிய கடிகாரத்தைக் கழட்டிட்டேன். வாட்ச்மேன் முணுமுணுத்தாரு, "போறப்ப திரும்ப மாட்டிருவேன் அண்ணாச்சி"ன்னு வாயை அடைச்சேன். வாசல்ல நின்னு வாரவங்க கையில கட்டியிருக்கிற வாட்ச்சு ஒவ்வொன்னையும் காதுல வச்சுப் பாத்தேன். சிரிச்சாவ. சிரிக்கட்டுமே.

இன்னைக்குக் கச்சேரி அமோகம். வாய்மேளக்காரன் ரயிலு வாரது மாதிரி ஒரு பாட்டுக்கு அடிச்சான் பாரு, மைமூன் ஸ்டேசன்ல கொடி காட்டுறவ மாதிரி முந்தானையை ஆட்டிட்டா. முன் வரிசை பூராச் சிரிப்பு. பியூலாவும் சிரிச்சா, பாதியில நெஞ்சுல கை வச்சுக்கிட்டு மூச்சு வாங்கினா.

கடைசிப் பாட்டு. ஃபேனை நிறுத்துனேன். கதவைச் சாத்துனேன். வந்து உக்காந்தேன்.

டிக், டிக், டிக்.

சவம், இன்னும் போகலியே! அதுவும் எனக்கு ரொம்பப் பக்கத்துல கேக்குது.

ஜூலை 9, புதன்

பிள்ளைங்க மாசா மாசம் கடைசிப் பாட்டைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்புவாவ. வேலை முடிஞ்சு குளிச்சிட்டு அதைப் போட்டுக் கேட்டா தான் எனக்குச் சோறு இறங்கும். இப்ப ரெண்டு மாசப் பதிவுலயும் அந்த டிக் டிக் விழுந்திருக்கு. பெங்களூர்ல சவுண்டு வேலையில தான் மதி இருக்கா, பெத்த அம்மாவுக்கு இது கூடச் செய்ய மாட்டாளா? "அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துட்டு அனுப்புடி"ன்னேன்.

சாயங்காலம் கூப்பிட்டா. "எடுத்துட்டேன்மா. ஆனா அது கடிகாரம் இல்ல."

"பின்ன?"

"கடிகாரம்னா ஒரே சீரா அடிக்கும்லா. இது பாட்டு ஏறுறப்போ வேகமாவுது, பாட்டு இறங்குறப்போ நிதானமாவுது. பாட்டைக் கேட்டுக்கிட்டே அடிக்கிற மாதிரி இருக்கு."

"கடிகாரத்துக்குப் பாட்டு புரியுமாக்கும். போடி வேலையைப் பாத்துக்கிட்டு"ன்னேன்.

"பழசை வைக்கட்டா, அழிக்கட்டா?"

"அழி. அந்தச் சத்தத்தோட ஒன்னு கூட இருக்கக்கூடாது."

சுத்தம் பண்ணுனது அருமையா இருக்கு. என் ஃபோன்ல இருந்த பழசை நானும் அழிச்சிட்டேன், இனி மாசா மாசம் அவ தான் சுத்தம் பண்ணித் தரணும். நாலு தடவை கேட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பியூலா இன்னைக்கு எங்க கூட உக்காரல. முதுகு வலிக்குது, சுவத்துல சாயணும்னு சொல்லிக் கடைசி வரிசைக்குப் போயிட்டா. மைமூன் ரெண்டுக்கும் நடுவுல தவிச்சிட்டு, பிறகு அவ கூடப் போய் உக்காந்தா. நான் முன் வரிசையில ஒத்தையா.

கடைசிப் பாட்டுல சத்தம் என் பக்கத்துல இல்ல. ரொம்ப தூரத்துல, பின்னால, லேசா.

(இங்க ரெண்டு வரி எழுதி அடிச்சிட்டேன்.)

திரும்பி வாரப்போ ஆட்டோவுல மூணு பேரும் அந்தப் பாட்டைப் பாடினோம். மைமூன் மேல் குரல், நான் நடுக் குரல், பியூலா கீழ் குரல். ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. "பாடுங்க தாயி, இஞ்சினை ஆஃப் பண்ணிருதேன்"ன்னாரு. எங்களுக்கு வந்த சிரிப்புல பாட்டே நின்னு போச்சு. இந்த மாதிரி ஒரு சாயங்காலத்துக்காக மாசம் பூரா எத்தனை மூட்டை வேணும்னாலும் அரைக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பியூலா வீட்டுக்குப் போனேன். தனசிங் அண்ணன், அதான் அவ வீட்டுக்காரரு, கோயிலுக்குப் போயிருந்தாரு. மேசையில மாத்திரை அட்டை கிடந்துச்சு. பியூலா பேப்பரை எடுத்து மேல போட்டு மூடினா. பி.பி. மாத்திரையா இருக்கும். இந்த வயசுல எவளுக்கு இல்ல?

பாட்டில்ல பொடி அப்படியே இருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "உனக்காகத் தானேட்டி மில்லைக் கழுவி அரைச்சேன்!" நானே அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைச் சூடு பண்ணி, ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கி, குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல நின்னேன். பச்சைப்பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி மூஞ்சியைச் சுளிச்சா. "இனி நீ வந்து நிக்க வேண்டாம், நானே குடிக்கேன் தாயே"ன்னு சிரிச்சா. "சத்தியமா?" "சத்தியமா." பியூலா சத்தியம் பண்ணுனா மாற மாட்டா. பள்ளிக்கூடத்துல இருந்து எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தோம். டிக் டிக்னு கேட்டுச்சு. மணி என்னாச்சுன்னு சுவத்தைப் பாத்தேன். அவ வீட்டுக் கடிகாரத்துல முள்ளு ஓடல, நின்னு போய் எத்தனை நாளோ.

"மைமூனுக்கு இந்த மாசம் கல்யாண சீசன், தையல் கூடக் கிடக்கும், பாவம்"னு நான் பேச்சை ஆரம்பிச்சேன். அவளும் "ஆமா, பாவம்"னா.

பாட்டரி மாத்தச் சொல்லணும்.

செப்டம்பர் 3, புதன்

இந்த மாசம் பிள்ளைங்க தூத்துக்குடியில பாடுதாவ. வேன் பிடிச்சுப் போறோம்னு நான் முடிவு பண்ணிட்டேன். பியூலா இழுக்கா. "ஞாயித்துக்கிழமை மதுரைக்குக் கிளம்பணும் வடிவு. திங்கக்கிழமை காலையில ரத்தம் டெஸ்ட்டு."

"அடுத்த மாசம் குடு. ரத்தம் எங்கயும் ஓடிப் போயிருமா?"

"மாசா மாசம் பாக்கணும்னு சொல்லியிருக்காவ."

எதுக்குன்னு நான் கேக்கல. "நீ வரலைன்னா நானும் போகல, மைமூனும் போகல. வேன்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்"ன்னேன். இப்படிச் சொன்னா அவ தாங்க மாட்டான்னு எனக்குத் தெரியும்.

"சரி, வாரேன். விடு"ன்னா.

செப்டம்பர் 7, ஞாயிறு

எவ்வளவு சந்தோசமா இருந்துச்சுன்னு எழுத எனக்கு எழுத்து வராது. வேன்ல போறப்ப மக்ரூன் வாங்கி ஒரு பை நிறைய வச்சுக்கிட்டோம். பியூலா முகத்துல காத்து பட்டு முடி பறக்குது, பத்தாங்கிளாஸ்ல பாத்த மாதிரி இருந்தா. துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூட ஹால்ல கச்சேரி. அங்கயும் சுவிட்சுப் பலகையை நான் தான் பிடிச்சேன்.

கடைசிப் பாட்டு நல்லா அடங்கி வாரப்போ வெளிய ஒரு கப்பல் ஊதிச்சு. எனக்கு உயிரே போயிட்டு. கப்பலை எப்படி நிறுத்த? ஆனா அந்தப் பிள்ளைங்க இருக்கே, கப்பல் ஊதுன சுருதியை அப்படியே பிடிச்சு, அதுக்கு மேல அஞ்சு குரலையும் அடுக்கிட்டாவ. கப்பலும் சேர்ந்து பாடுன மாதிரி ஆயிட்டு. ஹால்ல பாதிப்பேரு அழுதாவ. நானும் தான்.

வெளிய வந்து மணல்ல உக்காந்து மக்ரூன் தின்னோம். பியூலா சொன்னா, "என்னையும் சேத்துக்கிடச் சொல்லு வடிவு அந்தப் பிள்ளைங்ககிட்ட. எனக்குப் பாட வேண்டாம். சும்மா உக்காந்து தாளம் போடுதேன்."

மைமூன் சட்டுனு எந்திரிச்சு அலை பக்கமாப் போயிட்டா. மணல் கண்ணுல விழுந்துட்டுன்னு சொன்னா.

நான் நாலாவது மக்ரூனை எடுத்துக்கிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சத்தம் குறைஞ்சு போச்சு! பியூலா என் பக்கத்துல வந்து உக்காந்தும் கூட. "இப்ப உன் பக்கத்துல உக்காரலாம் வடிவு, உனக்குத் தொந்தரவு இருக்காது"ன்னா.

"எப்பவும் உக்காரலாமே. யாரு வேண்டாம்னா?"ன்னு கேட்டேன்.

அவ என் கையைத் தட்டிக் குடுத்தா.

கடைசிப் பாட்டுல உத்துக் கேட்டா தான் கேக்குது. துணி போத்தி வச்ச மாதிரி. பியூலாவே மெல்லச் சொன்னா: "வீட்டுல கூட இப்ப கேக்க மாட்டேங்கு. நிம்மதியாத் தூங்குதேன்." எதுன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. எல்லாம் உடம்பு தேறுற அறிகுறி தான். பொடி வேலை செய்யுது. ரெண்டாவது பாட்டில் அரைச்சுக் குடுத்தாச்சு.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளி மாவு. முறுக்கு மாவு, அதிரச மாவுன்னு வாசல் வரைக்கும் தூக்குவாளி வரிசை. சாப்பிட நேரமில்ல. இந்த நேரத்துல மைமூன் வந்து நிக்கா.

"வடிவு, பியூலா ஆபீஸ் படி ஏற முடியாம நடுப்படியில உக்காந்துட்டாளாம். ராத்திரி மூணு தலகாணி வச்சுச் சாய்ஞ்சு தான் படுக்காளாம். எனக்குப் பயமா இருக்கு. நான் ஒன்னு சொல்லணும் உன்கிட்ட. அவ சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா..."

மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் காதுல கை வச்சு, "கேக்கலட்டி, தீபாவளி முடியட்டும், பேசுவோம்"னேன்.

அவ போயிட்டா.

கேக்கலைன்னு சொன்னது நிசம் இல்ல.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. வாய்க்கால் எல்லாம் ரோட்டுல. ஆனாலும் ஹால் நிறைஞ்சிருந்துச்சு.

பியூலா வாசல்ல இருந்து நாற்காலிக்கு வாரதுக்குள்ள மூணு இடத்துல நின்னு நின்னு வந்தா. உதடு லேசா நீலமா இருந்துச்சு. மழைக் குளிருக்கு எனக்கும் அப்படித் தான் ஆகும். "வீட்டுக்குப் போயிருவோமா?"ன்னு மைமூன் கேட்டா. "கடைசிப் பாட்டு கேட்டுட்டுப் போவோம்"னா பியூலா.

ஃபேனை நிறுத்துனேன். கதவைச் சாத்துனேன். மழை கூட அந்த நேரம் பாத்து விட்டுருச்சு.

ஒரு சத்தம் இல்ல. ஒன்னுமே இல்ல. அஞ்சு குரலு, பிறகு நாலு, பிறகு ரெண்டு, பிறகு எதுவும் இல்லாத ஒன்னு. இந்த ஆறு மாசத்துல இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்ல. இதுக்காகத் தானே கடிகாரத்தைக் கழட்டுனேன், வாட்ச்சைச் சோதிச்சேன்.

பியூலா பாட்டு பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. அழுத்தி, அழுத்தி. அவ கை ஈரமா, சில்லுனு இருந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல. அசைஞ்சா நாற்காலி கிறீச்சுடும்.

நவம்பர் 4, செவ்வாய்

பியூலாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்காவ. நான் போகல.

நவம்பர் 5, புதன்

மைமூன் மில்லுக்கு வந்து மிசின் சுவிட்சை அவளே அணைச்சா. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. மூணு வருசத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசப்படி. அதே லோசன் வாசனை.

தனசிங் அண்ணன் வராந்தாவுல உக்காந்திருந்தாரு. "தங்கச்சி, உனக்குச் சொல்லாம மறைச்சிட்டோம்"னாரு. மார்ச் மாசம் பியூலா கோயமுத்தூர் போனது அக்கா வீட்டுக்கு இல்ல. இருதயத்துல வால்வு கெட்டுப் போய், இரும்பு வால்வு வச்சிருக்காவ. அது மூடி மூடித் திறக்கிறது தான் அந்த டிக் டிக். "'வடிவு கிட்ட சொல்லிராதீங்க. அவ வீட்டுக்காரர் நெஞ்சு ஆபரேசன்ல போனதுல இருந்து அவ அந்தப் பேச்சையே தாங்க மாட்டா. நான் நல்லா நடமாடி, ஒரு வருசம் கழிஞ்சு, பாத்தியா பொழைச்சிட்டேன்னு நானே சொல்லுதேன்'னா, தங்கச்சி. உனக்குத் தைரியம் சொல்லணும்னு நினைச்சா."

ரத்தம் உறையாம இருக்கத் தினம் மாத்திரை. மாத்திரை சரியா வேலை செய்யுதான்னு மாசா மாசம் ரத்தம் டெஸ்ட்டு. செப்டம்பர்ல விட்டுப் போனதுக்குப் பிறகு, உடம்பு தேறிட்டுன்னு போகவே இல்லையாம். இப்ப ரத்தம் உறைஞ்சு வால்வுல படிஞ்சிருக்காம். படியப் படிய சத்தம் அமுங்குமாம். "சத்தம் குறைஞ்ச அன்னைக்கே ஓடி வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நாங்க உடம்பு பழகிருச்சுன்னு நினைச்சிட்டோம்."

அப்ப டாக்டரே வெளிய வந்தாரு. சின்ன வயசு. "மாத்திரையை விடாம சாப்பிட்டாங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல சார். நான் சாட்சி."

"அப்ப கீரை? முருங்கைக்கீரை மாதிரி ஏதாவது அதிகமா? அது இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. ஆபரேசன் அப்பவே சொல்லியிருப்பாங்களே."

"வீட்டுக்குக் கீரை வாங்குறதையே நிறுத்திட்டேன் சார்"னாரு அண்ணன்.

டாக்டர் எங்க எல்லாரையும் பாத்தாரு.

நான் தண்ணி வாங்கப் போயிட்டேன்.

நவம்பர் 8, சனி

பியூலா போயிட்டா. விடியக்காலம்.

நவம்பர் 9, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்துக்கு வெறுங்குரல் பிள்ளைங்க வந்திருந்தாவ. அந்தப் பாட்டைப் பாடினாவ. நிறுத்துறதுக்கு அங்க ஃபேன் இல்ல. காக்கா கத்துச்சு, ரோட்டுல பஸ் போச்சு, யாரோ இருமுனாவ. மைமூன் மேல சாய்ஞ்சுக்கிட்டேன். அவ என்னைத் தாங்கிக்கிட்டா, ஆனா மூஞ்சியைப் பாக்கல.

நவம்பர் 23, ஞாயிறு

மைமூன் ஃபோன் பண்ணினா. தனசிங் அண்ணனுக்குத் தூக்கமே இல்லையாம். இந்த எட்டு மாசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டாராம். வீடு அமைதியா இருக்கிறது அவருக்குப் பயமா இருக்காம். "உன்கிட்ட பாட்டு எல்லாம் பதிவா இருக்குல்லா, அதுல அவ சத்தம் விழுந்திருக்கும்லா? ஒன்னு குடேன் வடிவு."

"தேடித் தாரேன்"னேன்.

மதியைக் கூப்பிட்டேன். "அழிச்சிட்டேனேம்மா. நீ தானே ஒன்னு கூட இருக்கக்கூடாதுன்னு சொன்ன. ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் எல்லாம் சுத்தம் பண்ணுனது தான் இருக்கு. நவம்பர் மட்டும் நான் கை வைக்கல."

"அதுல?"

"அதுல எடுக்க ஒன்னுமே இல்லம்மா."

பிள்ளைங்ககிட்டயும் கேட்டுப் பாத்தேன். எனக்கு அனுப்புனதோட அவங்களும் அழிச்சிருவாவளாம்.

நவம்பர் பாட்டைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டி, காதை ஒட்டி வச்சுக் கேட்டேன். ஒன்னுமே இல்ல. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நேரம் தான் அது. அவ்வளவு சுத்தமா இருக்கு.

டிசம்பர் 7, ஞாயிறு

மைமூன் வரல. நான் மட்டும் போனேன். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாவ. நான் சுவிட்சுப் பலகை பக்கம் போகல. பிள்ளைங்க கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு, ஃபேன் ஓட ஓடவே பாடினாவ.

டிசம்பர் 12, வெள்ளி

மத்தியானம் தனசிங் அண்ணன் மில்லுக்கு வந்தாரு. கையில ஒரு துணிப்பை.

"பதிவு கிடைச்சுதா தங்கச்சி?"

"இல்லண்ணே. அழிஞ்சு போச்சு."

"சரி, விடு. உன் மேல தப்பு இல்ல."

பையில இருந்து ரெண்டு பாட்டிலை எடுத்து மேசையில வச்சாரு. என் பாட்டில்கள். கழுவி, துடைச்சு, மூடி போட்டு.

"அலமாரியில அவ சேலைக்கு அடியில இருந்துச்சு. ஏதோ பொடி போல. எனக்குத் தெரியாம சாப்பிட்டிருக்கா. மைமூன் தான் சொல்லிச்சு, இது நீ குடுத்ததுன்னு. கடைசி வரைக்கும் வழிச்சுச் சாப்பிட்டிருக்கா, தங்கச்சி. ஒரு பொட்டு மிச்சம் இல்ல. நீ குடுத்தா அவளுக்கு அவ்வளவு பிரியம்." கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "என்ன பொடிம்மா அது?"

சத்தியம் பண்ணுனா மாற மாட்டா அவ.

நான் மிசின் சுவிட்சைப் போட்டேன். மில்லு கிளம்பி, தரை அதிர ஆரம்பிச்சுது. அவரு மூஞ்சியைப் பாத்து நான் சொன்னேன். முருங்கைக்கீரைண்ணே. வேண்டாம்னா, நான் தான் திணிச்சேன். ரத்தம் டெஸ்ட்டுக்குப் போக விடாம தூத்துக்குடிக்கு இழுத்துட்டுப் போனதும் நான் தான். டாக்டர் கேட்டப்போ அங்க நின்னுக்கிட்டு வாயைத் திறக்காதவளும் நான் தான். எனக்கு எல்லாமே தெரியும்ணே. முதல் மாசத்துலயே தெரியும். எல்லாத்தையும் சொன்னேன், ஒன்னையும் விடல.

அவரு காதுல கை வச்சு முன்னால குனிஞ்சாரு. "என்ன தங்கச்சி? கேக்கல."

"பாத்துப் போங்கண்ணே, ரோட்டுல தண்ணி கிடக்கு"ன்னு கத்துனேன்.

தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

இசக்கியம்மா ஓடி வந்தா. "அக்கா, மேல தானியம் இல்ல, வெறுங்கல்லு ஓடுது, அணைங்க"ன்னு கத்துறா. கருகல் நாத்தம் வர ஆரம்பிச்சிட்டு. அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். அரைக்க ஒன்னும் இல்ல. பொழுது சாயுற வரைக்கும் ஓடவிட்டேன்.